சுண்டெலியிடம் எதைக் கேட்கலாம்?

உள்ளே நடப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெட்டி. வரிசையாக மூன்று அறைகள். நடு அறையிலிருந்து இரு பக்கமும் போகச் சிறு வாசல்கள். ஒரு கோடி அறையில் கம்பிக் கூண்டுக்குள் முன்பின் தெரியாத சுண்டெலி ஒன்று இருக்கும். மறு கோடியில் அதே மாதிரிக் கூண்டு, ஆனால் காலி. நடு அறையில் விடப்பட்ட சுண்டெலி பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் அதிக நேரம் கழிக்கிறது என்பதை மேலேயிருக்கும் கேமரா கணக்கெடுக்கும். சாதாரணச் சுண்டெலி புதியவனை மோந்து பார்க்கத்தான் போகும். அப்படிப் போகாமல் இரு பக்கமும் ஒரே அளவு நேரம் திரிந்தால், ‘சமூக நாட்டம் குறைவு’ என்று பதிவாகும். ஜாக்குலின் கிராலியும் அவரோடு பணியாற்றியவர்களும் 2004 வாக்கில் முறைப்படுத்திய இந்த மூன்றறைச் சோதனை, அதன்பிறகு ஆட்டிசம் பற்றிய விலங்காய்வுகளில் ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது.

இந்தப் பெட்டியைப் பற்றி முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஆட்டிசத்தை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. குழந்தை பிறரோடு எப்படிப் பழகுகிறது, எப்படிப் பேசுகிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, ஒலியும் தொடுகையும் அதை எப்படிப் பாதிக்கின்றன என்று நேரில் பார்த்தும் பெற்றோரிடம் கேட்டும்தான் மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். 1943இல் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். நடத்தையை வைத்தே அடையாளம் காணப்படும் ஒன்றை, பேசாத ஒரு விலங்கிடம் எப்படித் தேடுவது? ஆய்வாளர்கள் மனித நடத்தைக்கு ஈடாக எலி நடத்தைகளைத் தேடிப் பிடித்தார்கள். பழகுவதற்கு ஈடாக மூன்றறைப் பெட்டி. பேச்சுக்கு ஈடாக, தாயைப் பிரிந்த குட்டிகள் எழுப்பும், மனிதக் காதுக்கு எட்டாத மீயொலிக் குரல். திரும்பத் திரும்பச் செய்வதற்கு ஈடாக, தன் உடலைத் தானே வழித்துச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம்.

இந்த ஈடுகட்டல்தான் இந்தத் துறையின் பலவீனம் என்பது என் கருத்து. சுண்டெலிக்கு ஆட்டிசம் வருமா என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் கிடையாது. ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதானால் வளரும் மூளையில் எந்த உயிரணு, எந்த இடத்தில், எந்த நாளில் வழிமாறுகிறது என்ற கேள்விக்குச் சுண்டெலி மிகத் தெளிவாகப் பதில் சொல்கிறது. முப்பது ஆண்டு ஆய்வுகளில் நிலைத்து நின்றவை பெரும்பாலும் இரண்டாம் கேள்விக்குக் கிடைத்த பதில்களே. நடத்தை ஒன்று மாறியதைப் பார்த்துவிட்டு மருந்து கிடைத்துவிட்டது என்று ஓடியவைதான் மனிதரிடம் வந்து தோற்றன.

எலிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்குப் பதில் எளிது. ஆட்டிசத்தின் வேர் கருவறையில் இருக்கிறது. மனிதக் கருவின் மூளையை நாள்தோறும் திறந்து பார்க்க முடியாது. சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 1977இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு, பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு என்று காட்டியது. தாயின் பாசக் குறைவே காரணம் என்று அதுவரை பெண்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த கொடிய பழி அங்கிருந்து தகரத் தொடங்கியது. 2020இல் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் படித்த ஆய்வு, ஆட்டிசத்தோடு உறுதியான தொடர்புள்ள 102 மரபணுக்களைப் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை: மற்ற மரபணுக்களை எப்போது இயக்குவது என்று தீர்மானிப்பவை, நியூரான்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சினாப்ஸ் இணைப்புகளைக் கட்டுபவை. இவற்றுக்கு நேரான மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாமே சுண்டெலியிலும் உள்ளன. சுண்டெலியின் கர்ப்பம் ஏறத்தாழ இருபது நாள்தான். பிறக்கும்போது அதன் மூளை, கருவறையின் நடுக்கட்டத்தில் இருக்கும் மனித மூளையின் அளவுக்கே முதிர்ந்திருக்கும். ஆகவே நமக்குக் கருப்பைக்குள் மறைவாக நடப்பதில் ஒரு பகுதி, அதற்குப் பிறந்தபின் கண்ணெதிரே நடக்கிறது.

மரபணுவைத் தவிர மருந்தொன்றும் வழிகாட்டியது. தாய் உட்கொண்ட தாலிடமைடு மாத்திரையால் கருவிலேயே பாதிக்கப்பட்டவர்களைச் சுவீடனில் ஆராய்ந்தபோது, ஆட்டிசம் இருந்தவர்களின் தாய்மார் கருத்தரித்த 20ஆம் நாளிலிருந்து 24ஆம் நாளுக்குள் அதை உட்கொண்டிருந்தது தெரிந்தது. தாம் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாள்கள் அவை. மூளைத்தண்டில் முதல் நியூரான்கள் உருவாகிற, நரம்புக்குழாய் மூடிக்கொள்கிற கட்டமும் அதுதான். இதைக் கையில் எடுத்துக்கொண்டு பட்ரீசியா ரோடியர், 1996இல், கர்ப்பிணி எலிகளுக்கு அதே கட்டத்தில் வேல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். குட்டிகளின் மூளைத்தண்டில் நியூரான்கள் குறைந்திருந்தன. பிற்பாடு 2013இல் டென்மார்க்கின் மக்கள் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், கருவில் வேல்ப்ரோயேட் சேர்ந்த குழந்தைகளில் 4.4 விழுக்காட்டினருக்கு ஆட்டிச வகைப்பாடு கண்டறியப்பட்டது. பொதுவில் அது 1.5 விழுக்காடு. எலியும் மனிதரும் ஒரே திசையைக் காட்டிய அரிய இடம் இது. 2018இல் பிரிட்டன், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் நாட்டிலும் வேல்ப்ரோயேட் மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். திருமண வயதில், பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் முன்கூட்டியே நரம்பியல் மருத்துவரிடம் பேசி மாற்று மருந்து கேட்பதுதான் வழி.

மரபணு வழி ஆய்வில் முதல் பெரிய நம்பிக்கையும் முதல் பெரிய ஏமாற்றமும் ஒரே நோயில்தான் வந்தன. ஃபிரஜைல் எக்ஸ் என்பது ஒற்றை மரபணுவால் வரும் அறிவுத்திறன் குறைபாடு. அது உள்ள ஆண் குழந்தைகளில் பலருக்கு ஆட்டிசமும் சேர்ந்திருக்கும். எஃப்எம்ஆர்1 என்ற அந்த மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்றே ஆண்டில் டச்சு, பெல்ஜிய ஆய்வாளர்கள் அது இல்லாத சுண்டெலியை உருவாக்கினார்கள். அந்தச் சுண்டெலியின் நியூரான் கிளைகளில் உள்ள நுண்முட்கள் நீண்டு மெலிந்து, முதிராத தோற்றத்தில் இருந்தன. ஃபிரஜைல் எக்ஸ் உள்ளவர்கள் இறந்தபின் ஆராயப்பட்ட மூளைகளில் கண்டதும் அதுவே. மார்க் பேர் குழுவினர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். சினாப்ஸில் இருக்கும் எம்குளூஆர்5 என்ற ஏற்பி தூண்டப்படும்போது புரத உற்பத்தி கூடுகிறது. எஃப்எம்ஆர்1 மரபணு தரும் புரதம் அதற்குத் தடை போடுகிறது. தடை இல்லாத மூளையில் உற்பத்தி கட்டுமீறுகிறது. அப்படியானால் அந்த ஏற்பியைக் குறைத்தால் போதுமே? 2007இல் அந்த ஏற்பிக்கான மரபணுவில் ஒரு பிரதியை நீக்கிப் பார்த்தார்கள். நுண்முட்கள், வலிப்பு, நினைவு என்று பலவும் இயல்புக்குத் திரும்பின.

மூளை வளர்ச்சிக் கோளாறு ஒன்றின் அடிப்படையையே மருந்தால் திருத்தலாம் என்ற எண்ணம் அன்று தந்த எழுச்சி சாதாரணமானதல்ல. நோவார்டிஸ், ரோஷ் என்ற இரு மருந்து நிறுவனங்களும் இந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்துகளோடு இறங்கின. 2014இல் நோவார்டிஸ் தன் முயற்சியைக் கைவிட்டது. 2016இல் வெளியான முடிவுகளின்படி, பெரியவர்களிடமும் பதின்வயதினரிடமும் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை. ரோஷின் மருந்தும் தோற்றது. பிள்ளைகளைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்களுக்கு அது எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்பதை ஆய்விதழ்களின் வரைபடங்கள் சொல்வதில்லை.

சுண்டெலி பொய் சொன்னதா? காரணம் தேடியவர்கள் முதலில் வயதைச் சுட்டினார்கள். சுண்டெலியில் மரபணு வழித் திருத்தம் கருவிலிருந்தே தொடங்கியது. மனிதரிலோ பல ஆண்டுகள் வளர்ந்து முடிந்த மூளைக்கு மருந்து போனது. ஆகவே மூன்று வயதை ஒட்டியும் ஆறு வயதுக்குள்ளும் இருந்த குழந்தைகளுக்கு, மொழிப் பயிற்சியோடு சேர்த்து அதே மருந்தைக் கொடுத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2024இல் வந்த முடிவு: அங்கும் மருந்தால் கூடுதல் பலன் இல்லை. இதற்கிடையே 2021இல் மார்க் பேரின் ஆய்வகமே வேறொன்றைக் காட்டியிருந்தது. இந்த வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் சுண்டெலியின் மூளை அதற்குப் பழகிப்போகிறது, பலன் தேய்கிறது. இளம் வயதில் சிறிது காலம் மட்டும் கொடுத்து நிறுத்தினால் பலன் நிலைக்கிறது. இது மனிதச் சோதனைகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எத்தனை நாள் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைச் சுண்டெலியிடம் கேட்காமல், மருந்து வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு அவசரப்பட்டதற்குக் கொடுத்த விலை அது.

ரெட் குறைபாட்டின் கதை இதற்கு நேர்மாறான திசையில் போனது. இயல்பாக வளர்ந்துவரும் பெண் குழந்தை ஒன்றரை வயதை ஒட்டிப் பேச்சையும் கைத்திறனையும் இழக்கும் இந்த நிலைக்கு மெக்பி2 என்ற மரபணுவே காரணம் என்று ஹுதா ஸோக்பியின் குழு 1999இல் கண்டது. ஏட்ரியன் பேர்டின் குழு அந்த மரபணுவின் நடுவில் ஒரு தடையைச் செருகிச் சுண்டெலிகளை உருவாக்கியது. டமாக்ஸிஃபென் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் தடை விலகி மரபணு மீண்டும் இயங்கும். நடக்கத் தடுமாறி, மூச்சு சீரற்று, சாகும் தறுவாயில் இருந்த சுண்டெலிகளுக்கு அந்த ஊசி போடப்பட்டது. அவை எழுந்து நடந்தன. வழக்கமான ஆயுளை நோக்கி வாழ்ந்தன. 2007இல் இது வெளியானபோது, ‘வளர்ச்சியில் விழுந்த கோணல் நிமிராது’ என்ற பழைய நம்பிக்கை அடியோடு ஆடிப்போனது. அதே மெக்பி2 இரட்டிப்பானாலும் கடுமையான குறைபாடு வரும் என்பதையும் ஸோக்பி சுண்டெலியிலேயே காட்டியிருந்தார். மரபணு சிகிச்சையில் இறங்குபவர்கள் அளவு கூடிவிடாமல் இன்று இவ்வளவு பயந்து பயந்து நடப்பது அதனால்தான். மிருகாங்க சூரின் ஆய்வகம் 2009இல் ரெட் சுண்டெலிகளில் சோதித்த சிறு புரதத் துண்டின் வழியில் வந்த ட்ரோஃபினெடைடு, 2023 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பலன் மிதமானதே, வயிற்றுப்போக்கு பலருக்கு வருகிறது. ஆனாலும் ரெட் குறைபாட்டுக்கென்று ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது.

எல்லா மரபணுவும் மெக்பி2 போல இரக்கம் காட்டுவதில்லை. ஷாங்க்3 மரபணு சினாப்ஸின் உள்கட்டமைப்பைத் தாங்கும் புரதத்தைத் தருவது. குவோபிங் ஃபெங்கின் ஆய்வகத்தில் 2011இல் அது குறைக்கப்பட்ட சுண்டெலிகள், ஓயாமல் தம்மைத் தாமே வழித்துக்கொண்டே இருந்தன. முகத்திலும் கழுத்திலும் முடி உதிர்ந்து, தோல் புண்ணாகிச் சிவந்த பிறகும் அவை நிறுத்தவில்லை. 2016இல் வளர்ந்த சுண்டெலிகளில் அந்த மரபணுவைத் திரும்ப இயக்கியபோது வழித்தல் குறைந்தது, மற்ற சுண்டெலிகளோடு பழகுவதும் மேம்பட்டது. பதற்றமும் அங்க அசைவுத் தடுமாற்றமும் மட்டும் போகவில்லை. அவற்றுக்கு மரபணுவை இளமையிலேயே திருப்பித் தர வேண்டியிருந்தது. ஒரே மூளைக்குள் சில சுற்றுகளின் கதவு கடைசிவரை திறந்தே இருக்கிறது, சிலவற்றின் கதவு சீக்கிரம் மூடிவிடுகிறது என்பதை மனிதரிடம் எந்த ஸ்கேனாலும் கண்டிருக்க முடியாது.

டேவிட் ஜின்டியின் ஆய்வகத்தில் லாரன் ஒரெஃபிஸ் செய்த ஆய்வை இந்தத் துறையின் மிக அழகான ஆய்வு என்பேன். மூளையை விட்டுவிட்டு, தோலிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் தொடு நியூரான்களில் மட்டும் மெக்பி2 நீக்கப்பட்டது. அந்தச் சுண்டெலிகள் இலேசான தொடுகைக்கே திடுக்கிட்டன. அதோடு நிற்கவில்லை, வளர்ந்தபின் பதற்றமும் பழகத் தயக்கமும் வந்தன. முழுதாக வளர்ந்த சுண்டெலியில் அதே மரபணுவை நீக்கினால் தொடுகைக் கூச்சம் மட்டும் வந்தது; மற்றவை வரவில்லை. சட்டையின் பின்கழுத்துத் துணிப்பட்டையைக் கூடத் தாங்க முடியாமல் கிழித்தெறியும் பிள்ளையைப் பற்றி ‘பிடிவாதம்’ என்று சொல்லும் உறவினர்களுக்கு இந்த ஆய்வை விளக்க வேண்டும். உலகம் இளமையில் தோலை உறுத்திக்கொண்டே இருந்தால், அதைச் சுற்றி வளரும் மூளையும் வேறு விதமாக வளரக்கூடும்.

சினாப்ஸ்கள் கூடுவதுபோலவே குறைவதும் வளர்ச்சிதான். நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிடுவதைப்போல, குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மிஞ்சி முளைத்த இணைப்புகளைப் பதின்வயதுக்குள் மூளை களைந்துகொள்கிறது. டேவிட் சல்சர் குழு 2014இல் இறந்தவர்களின் மூளைத் திசுவை ஒப்பிட்டது. பதின்வயது முடிவதற்குள் நுண்முட்கள் பொதுவாகப் பாதியளவு குறைந்திருக்க, ஆட்டிசம் உள்ளவர்களிடம் 16 விழுக்காடே குறைந்திருந்தன. ஏன் என்பதை இறந்த திசு சொல்லாது. டிஎஸ்சி2 மரபணுவில் பழுதுள்ள சுண்டெலியில் பார்த்தபோது, அணுக்கள் தம் கழிவைத் தாமே செரித்துக்கொள்ளும் வேலை மந்தமாகியிருந்தது. ராபமைசின் என்ற மருந்து அதை முடுக்கிவிட்டபோது களைதலும் சீரானது. மனிதரிடம் கண்டதற்கு இயங்குமுறையைத் தேடும் இப்படிப்பட்ட வேலையில்தான் சுண்டெலியின் உண்மையான பயன் தெரிகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கசப்பான விஷயம். ஒரே பரம்பரையில் வந்த சுண்டெலிகளை, ஒரே கருவிகளோடு, ஒரே கால அட்டவணைப்படி, ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லாண்டு என்ற மூன்று ஊர்களில் சோதித்தார்கள் ஜான் கிராப் குழுவினர். 1999இல் வெளியான முடிவில், ஊருக்கு ஊர் நடத்தை மாறியிருந்தது. எலியைப் பிடிக்கும் கை, கூண்டின் வாசம், தீனி எல்லாம் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

கர்ப்பக் காலக் காய்ச்சல் பற்றிய ஆய்வில் இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. 1964இல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபின், அதற்குக் கருவில் ஆளான குழந்தைகளிடம் ஆட்டிசம் மிக அதிகமாக இருப்பதை ஸ்டெல்லா செஸ் கண்டார். பால் பேட்டர்சன் அதைச் சுண்டெலிக்குக் கொண்டுபோனார்: கிருமியே இல்லாமல், வைரஸ் போலத் தோன்றும் ஒரு வேதிப்பொருளால் தாயின் எதிர்ப்பாற்றலைத் தூண்டினாலே குட்டிகளின் நடத்தை மாறியது. குளோரியா சோய், ஜுன் ஹு இருவரும் அதற்கு இன்டர்லூகின்-17 என்ற சைகைப் புரதம் காரணம் என்று 2016இல் காட்டினார்கள். பிறகு ஒரு நிறுவனத்திடம் வாங்கிய சுண்டெலிகளில் நடந்தது இன்னொரு நிறுவனத்தின் சுண்டெலிகளில் நடக்கவில்லை. வேறுபாடு குடலில் இருந்தது. முதல் நிறுவனத்தின் சுண்டெலிகளில் இழைபோன்ற ஒரு பாக்டீரியா குடியிருந்தது. மற்றதில் அது இல்லை. அந்தப் பாக்டீரியா இல்லாவிட்டால் தாயின் காய்ச்சல் குட்டியின் மூளையைத் தொடவில்லை. ஆய்வின் குழப்பமாகத் தொடங்கியது ஒரு கண்டுபிடிப்பாகவே முடிந்தது. ஆனால் இதை வெளியே எடுத்துச் சொல்லும்போது கவனம் வேண்டும். கர்ப்பத்தில் காய்ச்சல் கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு எதுவும் நேர்வதில்லை. ஒரு காலத்தில் தாயின் மனத்தைக் குற்றம் சொன்ன உலகம், இப்போது அவள் உடலைக் குற்றம் சொல்ல இந்தச் சுண்டெலிகளைச் சாட்சிக்கு இழுக்க இடம் கொடுக்கக் கூடாது.

சுண்டெலி மூளையின் எல்லைகளும் வெளிப்படையானவை. அதன் புறணி மழமழவென்று மடிப்பின்றி இருக்கும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் என்றால் அதனிடம் உள்ளவை 7 கோடி சொச்சம்தான். மனிதப் புறணியைப் பெருக்கிய ஒருவகை முன்னோடி அணுக்கள் அதனிடம் மிகக் குறைவு. மொழி கிடையாது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஒற்றை மரபணுவால் விளக்கக்கூடியவர்கள் சிறுபான்மையினரே. நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள் சேர்ந்து வரும் பெரும்பான்மைக்குச் சுண்டெலி வார்ப்பு எதுவும் சரியாகப் பொருந்தாது. டொராண்டோவின் ஜேசன் லெர்ச் குழு 2015இல் 26 வகைச் சுண்டெலி மாதிரிகளின் மூளைகளை எம்ஆர்ஐயில் ஒப்பிட்டது. சில மாதிரிகளில் பெரிதாகியிருந்த அதே பகுதி வேறு சிலவற்றில் சிறுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான மாற்றம் ஒன்றுகூட இல்லாமல், அவை மூன்று கூட்டமாகப் பிரிந்தன. ‘ஆட்டிச மூளை’ என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சில மாதிரிகளில் பழகும் ஆர்வத்தைக் கூட்டியது. 2021இல் 290 குழந்தைகளிடம் சோதித்தபோது பலன் இல்லை. வியப்பதற்கு எதுவுமில்லை. அந்த 290 பேரும் ஒரே சுண்டெலியின் பிள்ளைகள் அல்லவே.

எதைத் திருத்துவது என்ற கேள்வியும் பெட்டிக்குள் அடங்காது. ஆட்டிசத்தோடு வாழும் பெரியவர்கள் பலர், கூட்டத்தை விட்டு ஒதுங்குவதும் கையை அசைத்துக்கொள்வதும் நோயல்ல, தாங்கள் உலகை எதிர்கொள்ளும் விதம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. காலிக் கூண்டின் பக்கம் நிற்கும் சுண்டெலியை மறுபக்கம் போகவைப்பதை வெற்றி என்று எண்ணும் ஆய்வு, அந்தக் குரல்களைக் கேட்காத ஆய்வு. வலிப்பு, தூக்கமின்மை, குடல் வேதனை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், ஒலியும் ஒளியும் தரும் சித்திரவதை ஆகியவற்றிலிருந்து விடுதலை தேடும் ஆய்வை யாரும் மறுக்கப்போவதில்லை. சுண்டெலி நன்றாகப் பதில் சொல்லும் கேள்விகளும் இவைதான்.

அண்மைக் காலத்தில் பெருச்சாளி இனத்தோடு நெருங்கிய ஆய்வக எலிக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. சுண்டெலியைவிட அதன் கற்றலும் விளையாட்டும் செறிவானவை. பெங்களூருவிலுள்ள இன்ஸ்டெம் நிறுவனமும் எடின்பரோ பல்கலைக்கழகமும் இணைந்து ஃபிரஜைல் எக்ஸ் எலிகளில் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஐந்து வார வயதில் தொடங்கி நான்கு வாரம் மட்டும், கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டேடின் கொடுக்கப்பட்டது. எந்தப் பொருளை எங்கே, எந்தச் சூழலில் பார்த்தோம் என்று நினைவில் வைக்கும் திறன் அந்த எலிகளில் வளர்ந்தது. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் நிலைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில், ஃபிரஜைல் எக்ஸ் உள்ள 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் அதே மருந்தின் சோதனை முடிவு வந்தது. எல்லாப் பெற்றோருக்கும் பிள்ளையோடு பேச்சை வளர்க்கும் பயிற்சி தரப்பட்டிருந்தது. மருந்து சாப்பிட்டவர்களும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் சமமாக முன்னேறினார்கள். மருந்து வேறுபாடு காட்டவில்லை. அந்த வயதிலும் முன்னேற்றம் வந்தது.

எலி இப்போது வேறொரு வேலைக்கும் அமர்த்தப்பட்டிருக்கிறது. செர்ஜியு பாஷ்காவின் ஆய்வகம் மனிதத் தோல் அணுக்களிலிருந்து வளர்த்த நரம்புத் திசு உருண்டைகளைப் பிறந்த எலிக்குட்டிகளின் புறணியில் பதித்தது. தட்டில் வளரும்போது அந்த நியூரான்கள் ஓரளவுக்கு மேல் முதிர்வதில்லை. எலியின் மூளைக்குள் இரத்த ஓட்டமும் உணர்வுத் தூண்டலும் கிடைத்ததும் பல மடங்கு பெருத்தன, எலியின் மீசை அசைந்தால் அவையும் துடித்தன. இதயத்தையும் மூளையையும் ஒருங்கே தாக்கி, ஆட்டிசத்தையும் உண்டாக்கும் டிமோதி குறைபாடு உள்ளவர்களின் அணுக்களைப் பதித்தபோது, தட்டில் கண்ணுக்குப் படாத குறை ஒன்று எலிக்குள் தெரிந்தது: நியூரான்களின் கிளைகள் சிறுத்திருந்தன. இது 2022இல். இரண்டு ஆண்டு கழித்து, பழுதான மரபணுச் செய்தி படிக்கப்படும் விதத்தை மாற்றும் குறுகிய நியூக்ளிக் அமில இழை ஒன்றை இதே போன்ற எலிகளுக்குச் செலுத்தி, உள்ளிருந்த மனித நியூரான்களில் அந்தக் குறையைச் சரிசெய்தார்கள். அங்கே குறை தேடியது மூன்றறைப் பெட்டியின் மதிப்பெண்ணில் அல்ல. மனித நியூரான் ஒன்று எந்த வாரத்தில் கிளை விடுகிறது, அதன் கால்சியம் வாயில் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்றுதான் அளந்தார்கள். டிமோதி குறைபாடு உலகெங்கும் மிகச் சிலருக்கே உள்ள நிலை. மருந்து நிறுவனங்கள் தேடி வராத அந்தக் குடும்பங்களுக்கான மனிதச் சோதனையை நோக்கி அந்த ஆய்வகம் இப்போது உழைத்துக்கொண்டிருக்கிறது.